முளைப்பாரி கரைத்த குளம்

ஒத்தக்கடையைத் தாண்டி உள்ளே போகும் புதுக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், "அந்தப் பாம்புப் பண்ணையா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்களில் ஒருத்தர்கூட அங்கே பாம்பை முழுசாகப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். ஒரு சாரை. எலி பிடிக்க வரும், பிடித்ததும் போய்விடும். வாசலில் நின்று நியாயம் பேசாது.

வீட்டை ஒட்டி எங்களுக்கு அரைமனை சும்மா கிடந்தது. தெருவில் மற்றவர்கள் எல்லாம் காம்பவுண்டுக்குள் ஒரு சாண் மண் தெரியாமல் டைல்ஸ் ஒட்டினார்கள். நான் செடி நட்டேன். எனக்கு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நாள் முழுக்க பினாயில் வாசத்தில் நின்றுவிட்டு வருகிறவளுக்குக் கண்ணுக்கு ஒரு பச்சை வேண்டாமா? வேலியோரம் நொச்சியும் மருதாணியும், தேன்சிட்டுக்கு இட்லிப்பூ, வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்க எருக்கு. எருக்கைப் போய் வீட்டில் வளர்க்கிறாளே என்று அதற்கும் பேச்சு வாங்கினேன். நடுவில் ஒரு குளம். குளம் என்று நான்தான் சொல்வேன். ஒரு கார் நிறுத்துகிற இடம்தான், இடுப்பளவு ஆழம். அதில் அல்லி, கரையில் கோரையும் வல்லாரையும், கொசுப்புழுவைத் தின்ன அயிரையும் கெண்டைக் குஞ்சும். நான் கொண்டுவந்து விட்டது அவ்வளவுதான். தவளையும் தட்டானும் மீன்கொத்தியும் யார் சொல்லி வந்தன என்று தெரியாது, அதுகளாக வந்தன.

என் வீட்டுக்காரர் கப்பலூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். "ஒலகத்துல பொம்பளைக நகை கேப்பாளுக, எனக்கு வாச்சவ தவளை கேக்குறா" என்பார். சொல்லிக்கொண்டே குளத்துக்கு மண் வெட்டியவரும் அவர்தான்.

தெருவுக்கு எங்கள் மேல் இருந்த கோணல் பாம்பாலும் தவளையாலும் வந்ததில்லை. குடிவந்த மாதமே, "சொந்த ஊரு எது? ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று இரண்டே கேள்வியில் நாங்கள் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். தெரிந்த பிறகும் சண்டை ஒன்றும் இல்லை, சிரிப்பார்கள், பேசுவார்கள். பிரஷர் பார்க்க வேண்டும் என்றால் கேட்டுக்கு வெளியே நின்றபடி கையை மட்டும் உள்ளே நீட்டுவார்கள். "உள்ள வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றால், "இப்பத்தான் குடிச்சேன் நர்ஸம்மா." எப்போது கூப்பிட்டாலும் இப்போதுதான் குடித்திருப்பார்கள். அடேயப்பா, அம்புட்டுக் காப்பி குடித்தால் பிரஷர் ஏறாமல் என்ன செய்யும்!

தெருமுனையில் அம்மன் கோயில் கட்டியதும் ஆடி மாதம் முளைப்பாரி போட ஆரம்பித்தார்கள். சட்டியில் எருவும் வைக்கோலும் பரப்பி, பயறு விதைத்து, இருட்டறையில் வளர்த்து, திருவிழா அன்று பெண்கள் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய் நீரில் கரைப்பார்கள். எனக்கும் ஆசை. சாமி மேல் உள்ள பக்தி பாதி. அந்த வரிசையில் நானும் ஒரு சட்டியோடு நடக்க வேண்டும், என்னையும் தெருப் பெண்களில் ஒருத்தியாக நாலு பேர் பார்க்க வேண்டும் என்பது மீதி. எதற்குப் பொய்? மீதிதான் அதிகம். வருஷா வருஷம் போய்க் கேட்டேன். "பேரு குடுத்து முடிஞ்சிருச்சே நர்ஸம்மா" என்பார்கள். நான் எவ்வளவு முந்திப் போனாலும் முடிந்திருக்கும்.

போன வருஷம் கண்மாயில் சாக்கடை கலந்து நுரை தள்ளிக் கிடந்தது. அதில் சாமியைக் கரைக்க யாருக்கும் மனசு வரவில்லை. கோயில் காரியங்களில் எப்போதும் முன்னால் நிற்கிற எதிர்வீட்டுக்காரி எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். அவள் கால் உள்ளே பட்டது அதுதான் முதல் தடவை.

"அக்கா, முளைப்பாரிய ஒங்க கொளத்துல கரைச்சுக்கிரட்டுமா? அம்மனே ஒங்க வீட்டுக்கு வாரான்னு நெனச்சுக்கங்க."

அக்கா! அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனாலும் புத்தி முழுசாகக் கெட்டுவிடவில்லை. அத்தனை எருவும் பயிரும் ஒரு சின்னக் குளத்தில் கிடந்து அழுகினால் மீனுக்கு மூச்சு முட்டும் என்று தெரியும். "முக்கிட்டு உடனே எடுத்துரலாம்மா. மரத்தடியில போட்டா உரமாகும்" என்றேன்.

"சாமிய எடுத்து உரமாவா போடுவீக? மூணு நாளைக்குக் கை வைக்கக் கூடாதுக்கா."

"அப்ப அடுத்த வருஷம் எனக்கும் ஒரு சட்டி?"

"இதென்னக்கா கேள்வி? மொதச் சட்டியே ஒங்களதுதான்."

நான் சரி என்றேன்.

அன்றைக்குக் கொட்டும் குலவையுமாக வந்தார்கள். எங்கள் வீட்டில் அத்தனை பெண்கள் நின்றதே இல்லை. நான் காலையிலேயே குளித்து, பெரிய அண்டா நிறையப் பானகம் கரைத்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டு டம்ளர் என்றால் யோசிப்பார்களே என்று கடையில் பேப்பர் கப்பு வேறு வாங்கியிருந்தேன். அப்படியும் யோசித்து வைத்திருந்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தட்டில் வைத்து ஒவ்வொருத்தரிடமும் நீட்டினேன். "விரதம்க்கா" என்றாள் ஒருத்தி. அடுத்தவளும் விரதம். சட்டிகளைக் குளத்தில் கவிழ்த்துவிட்டுக் கும்மி கொட்டிக் கிளம்பினார்கள். மாடியில் ஏறிப் பார்த்தேன். தெருமுனையில் பையன்கள் போட்ட பந்தலில் அத்தனை பேரும் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வார்டில் அந்த முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே ஆக்சிஜன் வைப்போம். இங்கே வாளியில் தண்ணீர் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன், கொஞ்சமாவது காற்று கலக்கட்டும் என்று.

"கையை விட்டு அள்ளி வெளிய போடு. எவ வந்து கேப்பா?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். எதிர்வீட்டுக்காரி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டு எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அள்ளவில்லை. அள்ளினால் சட்டி போய்விடும். வாளியால் ஊற்றிக்கொண்டே இருந்தேன். தோள் கழன்றதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் தண்ணீர் கறுத்துவிட்டது. அயிரை அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. அல்லி இலை குழைந்து மடங்கிவிட்டது. நாற்றம் தெருவுக்கே அடித்தது. அன்று சாயங்காலம் தெரு வாட்ஸப் குரூப்பில் எங்கள் குளத்தின் போட்டோ வந்தது. கீழே, 'இந்த வீட்டால் தெருவுக்கே நோய் வரும், குளத்தை உடனே மூட வேண்டும்' என்று எழுதியிருந்தது. போட்டது எதிர்வீட்டுக்காரி. அதற்குத் தெருவே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தது. முளைப்பாரி என்று ஒரு வார்த்தை எழுத ஒருத்தர் இல்லை. என் வீட்டுக்காரர் செல்லை என் மடியில் எறிந்துவிட்டு, "அம்மன் வந்துட்டுப் போயிட்டாளா?" என்று கேட்டார். குளத்தில் இறங்கி, அழுகியதையும் செத்ததையும் இரண்டு கையாலும் அள்ளினேன். குமட்டியது. அழுதேன். மூக்கைத் துடைக்கக்கூடக் கை சுத்தமாக இல்லை.

குளத்தை நான் மூடவில்லை. இறைத்து, காயவிட்டு, ஐப்பசி மழைத் தண்ணீரை நிரப்பினேன். புதுசாக அயிரை வாங்கி விட்டேன். தை மாதம் அல்லி பூத்தது. தவளை எங்கே போயிருந்ததோ, திரும்பி வந்தது.

இந்த ஆடியில் எதிர்வீட்டுக்காரி மறுபடி வந்தாள். சிரித்த முகம், தலை நிறைய மல்லிகை. கண்மாய் இன்னும் அப்படியேதான் கிடக்கிறதாம்.

"ஒங்க கொளம் இருக்கும்போது எங்களுக்கு என்னக்கா கவலை? வெள்ளிக்கிழமை வாரோம்."

"எஞ் சட்டி எங்க?" என்றேன்.

அவளுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. ஞாபகம் வர ஒரு நிமிஷம் ஆனது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஒங்களுக்கு எதுக்குக்கா அந்தச் சிரமமெல்லாம்? பெரியவுக நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. ஒங்க தண்ணியிலதான கரைக்கிறோம், அந்தப் புண்ணியமே ஒங்களுக்குப் போதுமே" என்றாள். நல்லது சொல்கிற மாதிரியே சொன்னாள்.

"குளத்துல தண்ணி இல்ல" என்றேன்.

முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. எனக்குப் பின்னால் தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. அவள் என் தோளைத் தாண்டிப் பார்த்தாள். நான் நகர்ந்து மறைத்துக்கொண்டேன்.

ஊர்க் கிணறு நிறையத் தண்ணீர் கிடக்கும்போதே அந்தப் பதிலை என் அம்மா குடத்தோடு நின்று வாங்கியிருக்கிறாள். சொல்கிறவர்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று எங்களுக்கு நடித்துக்கூடக் காட்டுவாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்த முகத்தைத்தான் அன்று நான் வைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் போய் கேட்டைச் சாத்திய பிறகும் அதை மாற்ற எனக்கு வெகுநேரம் ஆனது.