விண்ணப்பத்தில் நான் எழுத மறுத்தது

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே மாநிலமாக இருந்த காலம். கணவர் காசநோயில் போன பிறகு, சின்ன மகளோடு திருவனந்தபுரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் குழந்தை இன்னொரு தோசை கேட்டால் நான் அவள் வாயைப் பொத்துவேன். எத்தனை நாள் அப்படி இருப்பது?

சாலை பஜாரில் ஓர் இரும்பு மொத்த வியாபாரி டைப்பிஸ்ட் தேடுவதாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்பே நான் டைப்ரைட்டிங் பரீட்சை தேறியிருந்தேன். அண்ணன் உடனே ஓடிப்போய், கோர்ட் வாசலில் மனு எழுதுகிறவரிடம் விண்ணப்பம் எழுதி வாங்கி வந்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான். அபலை, கதியற்ற விதவை, தங்கள் பாதமே சரணம் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் முழுக்க அழுதிருந்தார் அந்த மனிதர். எனக்கு டைப் அடிக்கத் தெரியும் என்பது கடைசி வரியில் போனால் போகிறதென்று இருந்தது.

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் நானே புதிதாக அடித்தேன். கணவர் படுக்கையில் கிடந்தபோது அவருடைய மிளகு வியாபாரக் கடிதங்களை நான்தான் எழுதினேன். பம்பாய்க்கு ஆங்கிலம், கொல்லத்துக்கு மலையாளம், நாகர்கோவிலுக்குத் தமிழ். அதை முதலில் போட்டேன், பரீட்சையை அடுத்துப் போட்டேன். விதவை என்ற பேச்சே இல்லை.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏட்டி, அதப் பாத்தாத்தானே அவுங்க மனசு இளகும்?"

"மனசு இளக வேண்டாம். வேலை தெரியும்னு தெரிஞ்சா போதும்" என்றேன்.

நான் அடித்ததையே அனுப்பினேன். நேரில் வரச்சொல்லி ஆள் வந்தது. முதலாளியும் எங்களைப் போல நாஞ்சில் நாட்டுக்காரர்தான். சாலை பஜாரிலேயே வளர்ந்ததால் பேச்சில் பாதி மலையாளம்.

"அண்ணன் வந்து சங்கதியெல்லாம் பறஞ்சாரு. பாவம், இத மொதல்லயே எழுதியிருக்கலாமே? ஒரு சகாயமா இருக்கட்டும், நாளைக்கே வா. பழைய டைப்பிஸ்டுக்குக் குடுத்ததுல பாதி தாரேன், மதியோ, போதுமா?"

அண்ணன் எனக்குத் தெரியாமல் வந்து போயிருக்கிறார்! இரக்கப்பட்டுக் கொடுத்தால் சம்பளம் பாதிதான் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. இந்த வேலை கிடைக்காமல் போனால் மறுபடி குழந்தை வாயைப் பொத்த வேண்டும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"சகாயம் கேட்டு நான் வரல, முதலாளி. ஒரு லெட்டர் சொல்லுங்க, அடிச்சுக் காட்டுதேன். சரியா இருந்தா பழைய ஆளுக்குக் குடுத்ததக் குடுங்க. இல்லேன்னா போறேன்."

கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலாளி முகம் சிவந்தது. பம்பாயிலிருந்து ஆணி வந்து சேராததைப் பற்றி மலையாளமும் தமிழுமாகப் படபடவென்று திட்டித் தீர்த்தார். நான் அதை மரியாதையான ஆங்கிலக் கடிதமாக அடித்து நீட்டினேன். அவர் படித்தார், தலைமைக் குமாஸ்தாவையும் படிக்கச் சொன்னார். குமாஸ்தா சரி என்று தலையாட்டினார்.

"முழுச் சம்பளம் தன்னே. ஆனா உனக்கு நாக்கு கொஞ்சம் நீளம், கேட்டோ."

"லெட்டர்ல அது வராது, முதலாளி" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முதல் சம்பளம் வாங்கிய அன்று மகளை உட்காரவைத்து அவள் போதும் போதும் என்கிற வரை தோசை வார்த்தேன். இன்றும் விண்ணப்பம் எழுதித்தரச் சொல்லிப் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் கஷ்டத்தையெல்லாம் உட்கார்ந்து கேட்பேன், ஆனால் காகிதத்தில் அவர்களுக்குத் தெரிந்த வேலையை மட்டும்தான் எழுதுவேன்.