வெயிலுக்குப் பதில் ஊசி

என் மனைவி தங்கபுஷ்பத்தின் சிறுநீரகங்களைக் கெடுத்தவன் நான்தான். வேறு மருந்து ஏதும் கொடுத்தீர்களா என்று டாக்டர் நேருக்கு நேர் கேட்டபோது, இல்லை என்று சொன்னவனும் நான்தான்.

சர்க்கரை நோய்தான் அவளைக் கொண்டுபோயிற்று என்று ஊரே நம்புகிறது. நீங்களும் நம்பியிருப்பீர்கள். அறிவியல் வாத்தியார் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

எழுபதுகளின் கடைசி அது. சங்கரன்கோவிலில் வாடகை வீடு, மேலநீலிதநல்லூரில் எனக்குப் பள்ளிக்கூட வேலை. பிள்ளைகள் இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான்... அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

தினமும் காலையில் கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்கவைத்து இன்சுலின் போடுவது என் பொறுப்பு. எத்தனை வருடம் போட்டாலும் கை நடுங்கும். அவளோ சிரிப்பாள். "பள்ளிக்கூடத்துப் பிள்ளையள அடிக்க மட்டும் கை நீளுது. எனக்கு ஊசி குத்த நடுங்குதாக்கும்!" என்பாள். அந்தக் கேலியைக் கேட்பதற்காகவே நான் சீக்கிரம் எழுந்திருப்பேன்.

ஒரு வருடம் அவள் காலில் புண் வந்து, ஆற ஏழெட்டு மாதம் ஆயிற்று. கால் தரையில் படக் கூடாது என்று நான் அவளை உள் அறையை விட்டு நகரவே விடவில்லை. புண் ஆறியது. ஆனால் எலும்பெல்லாம் குடைகிறது என்று அழ ஆரம்பித்தாள்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெயிலே படாம இருந்திருக்காங்க சார். வைட்டமின் டி ஊசி ரெண்டு எழுதுதேன், மாசத்துக்கு ஒண்ணு. அதுக்கு மேல என்னைக் கேக்காமப் போடாதிய. காலையில கொஞ்ச நேரம் வெயில்ல உக்கார வைங்க, அது போதும்."

எங்கள் வீட்டில் வெயில் விழுவது தெருவாசலில் மட்டும்தான். நாற்காலியைப் போட்டுக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள்.

"நான் என்ன மோர் மிளகாயா, தெருவுல காயப் போடுததுக்கு? போறவ வாறவ எல்லாம் என்னட்டி ஆச்சுன்னு கேப்பாளுவ!"

நான் சிரித்துவிட்டேன். நாற்காலியை உள்ளே எடுத்துவந்தேன். ஐயோ, அன்று மட்டும் கொஞ்சம் கோபப்பட்டிருந்தால்! அவளிடம் கோபப்பட எனக்கு என்றுமே தெரிந்ததில்லை.

இரண்டு ஊசியிலும் வலி குறைந்தது. எழுந்து நடந்தாள், எனக்குக் காப்பி போட்டுத் தந்தாள், பாத்திரம் கழுவும்போது பாட்டுக்கூடப் பாடினாள். மூன்றாம் மாதம் மறுபடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அந்த ஊசி இன்னொண்ணு போட்டா என்னங்க? அதுலதான கேட்டுது" என்றாள்.

பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். வாத்தியார் கேட்கிறார் என்று கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். "டாக்டர் சொல்லிட்டாரா?" என்று அவள் கேட்டாள். சொல்லிவிட்டார் என்றேன்.

அதற்குப் பிறகு வாரம் ஒன்று. ஆகஸ்டில் தொடங்கி கிறிஸ்துமஸ் வரை...

தெரியாமல் செய்தேன் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை! எல்லாம் தெரியும் எனக்கு. பி, சி உயிர்ச்சத்துகள் நீரில் கரையும், மிஞ்சியது சிறுநீரோடு போய்விடும். டி அப்படியல்ல, கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்கும், மிஞ்சினால் நஞ்சு. இதைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு இட்டவன் நான். ஒப்பிக்கத் தெரியாதவனைப் பெஞ்சின்மேல் நிறுத்தியவன் நான். அன்று மாலையே வீட்டுக்கு வந்து அடுத்த ஊசியைப் போட்டவனும் நான்தான்.

படிப்பு வேறு, புஷ்பத்தின் முகம் வேறு. வலி குறைந்து அவள் சிரித்தால் எனக்குப் பாடமெல்லாம் மறந்துவிடும்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் வாந்தி தொடங்கியது. தீராத தாகம், சாப்பாடு இறங்கவில்லை, மலச்சிக்கல் வேறு. சர்க்கரைதான் கூடிவிட்டது என்று இன்சுலினைக் கூட்டிப் பார்த்தேன். கேட்கவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவளை உள்ளே கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனைத் தாளோடு என்னிடம் வந்தார். "கிட்னி ரொம்ப மோசமா இருக்கே. இன்சுலினையும் நான் எழுதுன அந்த ரெண்டு ஊசியையும் தவிர வேற ஊசி, மாத்திரை எதுவும் குடுத்தியளா சார்?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? படித்த மனிதர் நீங்களே இப்படிச் செய்யலாமா என்று கேட்டுவிடுவாரே என்ற வெட்கம். அவ்வளவுதான். என் மானம் அவள் உயிரைவிடப் பெரிதாகிவிட்டது!

சர்க்கரையால் வந்த சிறுநீரக நோய் என்றே வைத்தியம் நடந்தது. ஊசியை அன்றே நிறுத்தினேன். உடம்பில் தங்கியதை எப்படி நிறுத்துவது? மிஞ்சிய வைட்டமினால் வந்த கேடு என்று நேரத்தோடு தெரிந்தால் அதற்குத் தனியே வைத்தியம் உண்டு என்று பின்னாளில் ஒரு மருத்துவப் புத்தகத்தில் படித்தேன். சர்க்கரையும் தன் பங்குக்குக் கெடுத்திருக்கலாம்... இப்படிச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நெஞ்சு ஏற்கவில்லை.

ஒன்றரை வருடம் இருந்தாள். முகமும் காலும் வீங்கி, உப்பில்லாக் கஞ்சி குடித்து, அப்போதும் என்னைக் கேலி செய்துகொண்டு.

போவதற்குச் சில நாள் முன்பு, சாயங்கால ஜெபம். ஆளுக்கொரு முறை வாய்விட்டு ஜெபிப்பது எங்கள் வழக்கம். முதலில் அவள் தொடங்கினாள்.

"ஆண்டவரே, அவிய எனக்குப் பாத்துப் பாத்துத்தான் செஞ்சாவ. நான்தான் அவியளுக்குத் தெரியாமத் தையல் மெஷின் டிராயர்ல கருப்பட்டி மிட்டாய் ஒளிச்சு வச்சுத் தின்னேன். அதாலதான் எனக்குக் கிட்னி போச்சு. என்னைய மன்னியும்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "நீங்களும் மன்னிச்சிருங்க."

அடுத்து ஜெபிக்க வேண்டியது என் முறை. எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். நம்புங்கள்... சொல்லத்தான் திறந்தேன்.

"மன்னிச்சிட்டேன் ஏட்டி" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. வீங்கிய கையால் என் கையைப் பிடித்து, உங்களைப் போல நல்ல மனுசன் யாருக்குக் கிடைப்பான் என்றாள். கையை இழுத்துக்கொள்ளாமல், அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.