ஆடிக்கும் ஆஷாடத்துக்கும் நடுவில்

வேறு ராஜ்யத்தில் குடியேறப் போகிறவர்கள் தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எங்கே, எந்தப் பாஷையில் பேசுவது என்றெல்லாம் என்னிடம் கேட்பார்கள். அவர்களுடைய மாதம் என்றைக்கு முடிகிறது என்று முதலில் விசாரியுங்கள் என்பேன்.

எல்லை பிரித்தபோது என் ஊர் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. சித்தூரில் குமாஸ்தாவாக இருந்த நான் ஆந்திரா பக்கமே நின்றேன். பிறகு திருப்பதிக்கு மாற்றினார்கள். மனைவி நிறைமாதம், மூட்டைகள் ஒன்பது. வீடு கிடைக்கும்வரை சத்திரம். யாத்திரிகர்களுக்கானது என்பதால் ஒன்றில் மூன்று ராத்திரிக்கு மேல் விடமாட்டார்கள். நாலாம் நாள் காலையில் ஒன்பது மூட்டையும் அடுத்த சத்திரத்துக்குப் போகும்.

கடைசியில் ஒரு வீடு அமைந்தது. கிணறு உண்டு, ஆஸ்பத்திரி கிட்டத்தில். வீட்டுக்காரர் தெலுங்கர், தமிழும் நன்றாகப் பேசுவார். ஆஷாடம் போனதும் வந்து பால் பொங்கவைத்துக்கொள்ளுங்கள் என்றார். நம்முடைய ஆடியைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆடியில் யார் குடிபோவார்கள்? ஆவணி முதல் தேதி வண்டி பிடித்து வந்தால், வாசலில் வேறு யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. அவர்களுடைய ஆஷாடம் ஆடி அமாவாசையோடு முடிந்துவிடுகிறது. மறுநாளே சிராவணம், நல்ல மாதம். நான் பதினைந்து நாள் பிந்தியிருந்தேன்.

“ஏமண்டி, சிராவணம் மொதல் நாளே வருவீங்கன்னு பாத்தேன். அரவாளு ஆடியில வரமாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும் பாத்தேன்” என்றார். அரவாளு என்றால் அவர்கள் வாயில் தமிழர்கள்.

“தெரிஞ்சா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேக்கலியே சார்.”

சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

அந்த வாரமே பையன் பிறந்தான். பிள்ளை பெற்றவள் தீட்டு என்று எந்தச் சத்திரமும் சேர்க்கவில்லை; ஐந்தில் கேட்டேன். பச்சைக்குழந்தையோடு அவளை ரயிலேற்றி, புத்தூரில் தூரத்து உறவினர் வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரத்தில் விட்டுவந்தேன்.

ஆறு வருஷம் காத்திருந்தேன். ஒரு நாள் அதே வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். ரயில்வேயில் இருந்த மகனைத் திருத்தணிக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கே காலியாகக் கிடந்த என் பூர்வீக வீட்டைக் கேட்டார். பழசை மறந்திருந்தார், அல்லது நான் மறந்திருப்பேன் என்று நம்பினார். காப்பி கொடுத்தேன். ஆஷாடம் போனதும் மகன் குடும்பத்தை அழைத்துவருவதாகச் சொன்னார். வாருங்கள் என்றேன்.

அவர் தெருமுனை திரும்பியதும் பஞ்சாங்கத்தை எடுத்தேன். அந்த வருஷம் அமாவாசை ஆடி மூன்றாம் தேதியே விழுந்தது. அதற்குப் பிறகு ஆவணி பிறக்க ஏறக்குறைய நாலு வாரம். ஆடிக் கிருத்திகையும் அதற்குள்தான். காவடிக் கூட்டத்தில் திருத்தணிச் சத்திரங்களில் படுக்க ஆறடி இடம் கிடைக்காது. முருகன் எனக்காகவே போட்ட கணக்கு.

அமாவாசையன்றே திருத்தணிக்குப் போய் வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஆடி நாலாம் தேதி வண்டி வந்தது. மூட்டைகளை எண்ணினேன், பதினொன்று. பால் சொம்பை மருமகள் கையில் வைத்திருந்தாள்.

“எங்க ஊர்ல ஆடி முடியலியே” என்றேன். “ஆடியில யாருக்கும் சாவி குடுக்கறதில்ல.”

அவர் கொஞ்சநேரம் பூட்டையே பார்த்தார். “முன்னாடியே சொல்லக்கூடாதா சார்?”

“நீங்க கேக்கலியே.”

இப்போது அவருக்கு மூன்று பல் இல்லை. வண்டி சத்திரத்துப் பக்கம் திரும்பும்வரை நின்று பார்த்தேன்.

திருப்பதி திரும்பி மனைவியிடம் சொன்னேன். மருமகள் இடுப்பில் குழந்தை இருந்ததா என்று மட்டும் கேட்டாள். இருந்தது என்றேன்.

“ஆவணி பொறந்ததும் சாவிய குடுத்துடுங்க. அந்தப் பொண்ணு நம்பள இன்னா பண்ணிச்சி?”

ஆவணி முதல் தேதி அந்த வீட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பால் பொங்கவைத்தார். அந்த வாத்தியாரிடம் நான் பேசி முடித்தது, வீட்டுக்காரருக்குக் காப்பி கொடுத்த மறுநாள்.