அத்தா பிரித்த சிவப்பு நூல்

இன்று ஹஜ் கவுண்டரில் என் மகன் கையில் ஒரு பட்டை மாட்டினார்கள்.

அதில் பேர், ஊர், போன் நம்பர் எல்லாம் இருக்கிறதாம்! (மூணாங்கிளாஸ் படித்த எனக்கு வெறும் கோடுதான் தெரிந்தது.)

"இஹ்ராம் கட்னப்புறமும் இத்த போட்டுக்கலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா போடலாம்மா. கழட்டவே கூடாது" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளில் என் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ராயபுரத்திலிருந்து ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். ஹார்பரில் கிரேன் ஓட்டிய மனுஷர். அப்போது பம்பாய் வரை ரயில், அங்கிருந்து கப்பல்.

இஹ்ராம் என்கிற ஹஜ் உடையில் ஆண்களுக்கு இரண்டே வெள்ளைத் துணி. அத்தனை கூட்டமும் அதே வெள்ளை. எனக்கு பயம். அத்தாவுக்குத் தெரியாமல் துணி ஓரத்தில் சிவப்பு நூலால் அவர் பேரையும் 'ராயபுரம், மெட்ராஸ்' என்றும் தைத்து வைத்தேன்.

சென்ட்ரலில் ரயிலேறி உட்கார்ந்து, பையைத் திறந்தவர் பார்த்துவிட்டார்!

"இன்னாம்மா இது? எய்த்தா, நண்டு நடந்த தடமா?"

"உங்க பேரு அத்தா. கூட்டத்துல காணாம பூட்டா?"

"காணாம போறதுக்கு நான் இன்னா கொயந்தயா? இஹ்ராம்ல தச்ச துணி கூடாதுன்னு தெரியாது உனக்கு? என் ஹஜ்ஜையே கெடுத்துடுவ போலகீதே!"

ஷேவிங் பிளேடை எடுத்துத் தையல் தையலாகப் பிரித்தார். கார்டு விசில் ஊதுகிறார், இவர் பிரித்துக்கொண்டே இருக்கிறார். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக நூலை என் கையில் திணித்தார்.

"வச்சிக்கோ. வயித்துல கீறவனுக்குச் சட்ட தை!"

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

சில வாரத்தில் ரேடியோவில் சொன்னார்கள். மக்காவுக்குப் பக்கத்தில் மினாவில், ஹாஜிகள் தங்கும் கூடாரங்களில் தீ. சிலிண்டர் வெடித்ததாம். பேர் ஒன்றும் சொல்லவில்லை.

தந்தியும் இல்லை, கடிதமும் இல்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே வயிற்றில் பிள்ளை புரண்டது.

கப்பல் திரும்பியது. சென்ட்ரலுக்கு ஓடினேன். அத்தாவோடு போன மைதீன் மாமா இறங்கினார். கையில் மக்காவின் ஜம்ஜம் தண்ணீர் இரண்டு கேன்.

"அத்தா எங்க மாமா?"

மாமா ஒரு கேனை என்னிடம் நீட்டினார்.

"தீ புடிச்சதும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம்மா. பொகையிலயும் நெரிசல்லயும் எவ்ளோ பேரு வியுந்தாங்க... தேடிப் போனேன். மூஞ்சி தெரியல. எல்லாம் ஒரே வெள்ள. பேர் தெரியாதவங்கள அங்கியே அடக்கிட்டாங்க. ஓரத்துல ஒரு பேரு, ஒரு ஊரு இருந்திருந்தா..."

மாமாவும் ரயிலில் பிளேடைப் பார்த்தவர்தானே.

பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன்.

"சட்ட, ஜிப்பா மாதிரி ஒடம்புக்குன்னு தச்சதுதாம்மா கூடாது. ஓரத்துல பேரு தச்சா ஹஜ்ஜுக்கு ஒரு கொறையும் இல்ல."

இந்த ஒரு வார்த்தையை அத்தாவிடம் அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா!

பழைய நூல் இற்றுப்போய்விட்டது. இன்று வரும் வழியில் புது சிவப்பு நூல் வாங்கினேன். மகன் தூங்கும்போது அவன் துணி ஓரத்தில் தைத்து முடித்தேன்.

எழுந்து பார்த்தான். அன்று வயிற்றில் இருந்தவன், இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவன். "அம்மா, நண்டு நல்லாவே நடந்துகீது!" என்றான். கொஞ்சம் பொறுத்து, "இந்தப் பட்டதான் கைல உறுத்துது" என்றான்.

"உறுத்தட்டும்டா!"

கத்தரி, பிளேடு எல்லாம் இப்போது என் தலையணைக்கு அடியில். அவன் பிளேன் ஏறும்வரை அங்கேதான்!

உங்கள் வீட்டிலும் யாராவது கிளம்புகிறார்களா? பேர் தைத்துவிட்டீர்களா?