அப்பா யப்பானிலிருந்து அனுப்பிய படம்

அப்பாவின் ஓராண்டு நினைவில் இந்நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் அன்பு. யப்பானில் நடந்ததை இதில் எழுத வேண்டாம் என்று இரண்டொருவர் அக்கறையோடு சொன்னீர்கள். அப்பா சபை நடுவே நின்று தம் வாயால் சொன்னதை, மகள் நான் மறைப்பது சரியாகப் படவில்லை.

அப்பா மானிப்பாயில், தையற்காரர் ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். இளவயதில் நோர்வேக்குப் படிக்க வந்து, பின் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். கமராப் பைத்தியம் அங்கேதான் பிடித்தது. ஒஸ்லோவில் இறையியல் கற்றுப் போதகரானார். நோர்வேஜிய மிஷன் சங்கம் ஒன்று அவரை யப்பானுக்கு அனுப்பியபோது எனக்கு எட்டு வயது.

கோபே நகருக்கு மேற்கே ஒரு கடலோரச் சிற்றூர். சைக்கிள் கடையின் மேல்மாடியில் ஞாயிறு ஆராதனை. வந்தவர்கள் ஐந்து பேர். வருடங்கள் போயும் அது ஆறாகவில்லை. அப்பா சலிக்காமல் அந்த மொழியைப் படித்தார். மழையென்றும் பாராமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். ஓய்வு கிடைத்தால் கமராவோடு ரயிலேறிவிடுவார். பனி மூடிய வயல்கள், தீவுக்குப் போகும் படகுகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கும் ரயில் நிலையங்கள். எல்லாவற்றையும் படமெடுத்து, எங்களுக்காக ஜெபித்துவந்த ஒஸ்லோத் தமிழ்ச் சபைக்கு அனுப்பி வைப்பார்.

“படமெல்லாம் நல்ல வடிவு. சபை ஆக்களைத்தான் காணேல்லை” என்று ஒருமுறை ஒஸ்லோச் சபையார் தொலைபேசியில் சொன்னார்கள். அப்பா சிரித்துச் சமாளித்தார். அம்மாவுடன் அன்று முழுக்க அவர் பேசவில்லை.

கிறிஸ்தவர் அல்லாத யப்பானியரிலும் பலர் தேவாலய முறையில் திருமணம் செய்ய விரும்புவார்கள். அதற்கென்றே ஹோட்டல்களில் சிற்றாலயம் இருக்கும். வழமையான போதகருக்குச் சுகமில்லாததால் ஒரு நாள் அப்பாவை அழைத்தார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. அப்பா அதைப் படமெடுத்து, “நாங்கள் கூடிய ஒரு நாள்” என்று மட்டும் எழுதி அனுப்பினார். சபையார் அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார்கள்.

அடுத்த கோடை விடுமுறைக்கு ஒஸ்லோ வந்தோம். நகரின் குறொன்லாண்ட் பகுதியில் சபை கூடும் மண்டபத்தில் அப்பா தம் படங்களைத் திரையில் காட்டினார். முடிந்ததும் றாணி அன்ரி எழுந்தார். மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்துகொண்டே வெள்ளிதோறும் உபவாசம் இருப்பவர் அவர். சுவரில் இருந்த படத்தைக் காட்டிக் கேட்டார்.

“தம்பி, அந்த வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைக்காக ஒரு வருசமா ஜெபிக்கிறன். அவவின்ரை பேர் என்ன?”

அப்பா படத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

“எனக்குத் தெரியாது அக்கா. அவையள் ஒரு கலியாணத்துக்கு வந்த ஆக்கள். எங்கடை சபையிலை அஞ்சு பேர்தான்.”

அன்ரி மெல்ல உட்கார்ந்தார். “அப்ப நான் ஆருக்காகப் பட்டினி கிடந்தனான்?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. அப்பா கதிரையில் ஏறித் தாமே அந்தப் படத்தைக் கழற்றினார். உதவிக்கு ஒருவரும் எழவில்லை. முன்வரிசையில் இருந்த நானும் எழவில்லை.

சங்கம் அவரைத் திரும்ப அனுப்பவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒஸ்லோவின் புறநகரான வெஸ்ட்லியில் குடியேறி, ஓய்வு பெறும்வரை முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். சபைக்குத் தவறாமல் போனார். கடைசி வரிசையில் இருந்தார். அன்ரி அவரோடு கதைப்பதில்லை.

வளர்ந்தபின் ஒருநாள் நான் ஆறுதலாகச் சொன்னேன்: “அத்தனை பேருக்கு முன்னாலை உண்மையைச் சொல்லத் துணிவு வேணும், அப்பா.”

“அவ கேட்டபடியாத்தான் சொன்னனான், பிள்ளை. கேட்டிராட்டில் சொல்லியிருக்கமாட்டன். என்னைப் பெரிய ஆளாக்காதை.”

ஆகவே இங்கும் நான் அவரைப் பெரிய ஆளாக்கவில்லை.

கடைசி மாதங்களில் நுரையீரல் நோயால் அப்பா படுக்கையில் இருந்தார். ஒரு பின்னேரம் றாணி அன்ரி பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு இடியப்பமும் சொதியுமாக வந்தார். அப்பா எழும்ப முயன்றார்.

“அக்கா, அண்டைக்கு...”

“அதைக் கதைக்க நான் வரேல்லை. சாப்பிடுறீரில்லை எண்டு சொன்னவை. வாயைத் திறவும்.”

அப்பா அழுதபடி சாப்பிட்டார். பிறகு வாரந்தோறும் அன்ரி வந்தார்.

அவருக்கும், வீடு தேடி வந்து பராமரித்த தாதியருக்கும், துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அடக்க நாளில் யப்பானில் அந்தச் சிறு சபையில் எஞ்சியிருந்த மூவர், அங்கே இரவாகியும் காத்திருந்து, கைபேசியில் எங்களோடு சேர்ந்து அப்பாவுக்காகப் பாடினார்கள். அவர்களுக்கும் எங்கள் நன்றி. இத்தனை வருடங்களில் அவர்களுடைய படம் ஒன்றைக்கூட அப்பா ஒஸ்லோவுக்கு அனுப்பவில்லை என்பதை அவர்களிடம் சொல்ல எங்களுக்கு இன்னும் வாய் வரவில்லை.