மூணு மாசம் கழியட்டும்

"நாள் ஏதும் தள்ளிப்போயிருக்கா?" என்று அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் அத்தையிடம் கேட்டார். அத்தை என்றால் என் கணவரின் அம்மா. அவர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "இல்ல டாக்டர், அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். பின்னால் நின்றவர் எங்களைத் தன் காரில் ஏற்றிவந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி. மார்க்கெட்டில் அரிசிக் கடை வைத்திருப்பவர். என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தபோது கழற்றிய செருப்புகளை அவர் கையில் வைத்திருந்தார்.

அந்த 'இல்ல' என் காதில் விழுந்தது. மறுத்துச் சொல்ல நா எழவில்லை. வீட்டில் குளியலறை வாசலில் சரிந்து விழுந்ததிலிருந்தே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. வலி அடிவயிற்றில் தொடங்கி, ஏனென்று தெரியாமல் வலது தோளில் போய்க் குத்தியது.

நான் கர்ப்பமாக இருந்தேன். கல்யாணமாகிப் பல ஆண்டுகள் காத்திருந்த கர்ப்பம். எனக்கும் கணவருக்கும் அத்தைக்கும் மட்டும் தெரியும். சோதனை அட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்த காலையில் அத்தை என் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். முடித்துக் கண்ணைத் திறந்ததும், "மூணு மாசம் கழியட்டும். அதுவரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. ஒங்க அம்மைட்டகூட பொறவு சொல்லிக்கிடலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான் இது. கோவிலுக்குப் போகிறவர்கள் கண் பட்டுவிடும் என்பார்கள். சபைக்குப் போகிற நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. செய்வது மட்டும் ஒன்றுதான். முதல் ஸ்கேனை நாகர்கோவிலுக்குப் போய் எடுப்பதாக இருந்தோம். பாளையங்கோட்டையில் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் அங்கே சபைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

அத்தை இல்லையென்றதும் மருத்துவர் எதையோ எழுதினார். வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று முடிவாயிற்று. குளுக்கோஸ் ஏறியது. வலிக்கு ஊசி போட்டார்கள். கணவர் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். உள்ளே போகும்போது போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். அண்ணாச்சி வராந்தாவில் நின்று அந்தத் தொழிற்சாலையின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். நான் ஒரு நாளிதழில் செய்திகளைத் திருத்தும் வேலையில் இருப்பவள். எந்தச் செய்தியிலும் விடுபட்டதைத் தேடுவது பழக்கம். அன்று விடுபட்டது என்ன என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் வாந்திதான் வந்தது.

ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனதும் பெரிய மருத்துவர் வந்து ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேன் எடுத்த பெண் மருத்துவர் திரையைப் பார்த்தபடி என்னிடம் நேராகக் கேட்டார்: "எத்தனை வாரம்?" அங்கே எங்கள் வீட்டார் யாரும் இல்லை. "ஏழு முடிஞ்சிட்டு" என்றேன். அவர் உடனே போனை எடுத்தார். கரு கருப்பையில் தங்காமல் கருக்குழாயில் தங்கிவிட்டது, குழாய் வெடித்து வயிறு முழுக்க ரத்தம் என்று ஆபரேசன் தியேட்டருக்கு அவர் சொன்னதிலிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன். தியேட்டர் கதவருகே கணவரைப் பார்த்தேன். கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். என் பெயரைச் சொன்னார். வேறெதுவும் சொல்வதற்குள் கதவை மூடிவிட்டார்கள்.

மறுநாள் வார்டில் அறுவை செய்த மருத்துவர் எங்கள் மூவரிடமும் விளக்கிச் சொன்னார். இந்த இடத்தில் தங்கும் கருவை எப்போது கண்டுபிடித்திருந்தாலும் காப்பாற்ற முடியாது. முன்பே தெரிந்திருந்தால் இவ்வளவு ரத்தம் போயிருக்காது, அவ்வளவுதான். இதில் முதல் வாக்கியம் அத்தைக்குள் இறங்கவில்லை. இரண்டாவதுதான் இறங்கியது. அவர் அழவில்லை. நானும் அழவில்லை. கணவர் மருந்துக் கடைக்குப் போகிறேன் என்று எழுந்து போய் வெகுநேரம் கழித்து வந்தார்.

பார்க்க வருகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். என்ன ஆபரேசன் என்று முதலில் கேட்டவரிடம் அத்தை, "குடல்வால்" என்றார். பிறகு எல்லாரிடமும் அதுவே. இருந்ததை யாருக்கும் சொல்லவில்லை. போனதை எப்படிச் சொல்வது?

சபையின் பெண்கள் சங்கத்திலிருந்து நாலைந்து பேர் ஆரஞ்சும் ரொட்டியுமாக வந்தார்கள். அவர்களுக்குத் தலைவியான அக்கா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"குடல்வால்லாம் ஒண்ணுமே இல்ல பிள்ள. எங்க வீட்ல அவியளுக்கு எடுத்தாவ. மூணாம் நாளே புரோட்டா கேட்டு ஒரே சண்ட."

"அவுக ஆபரேசன் டேபிள்லயே கேட்டிருப்பாவ" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன், வயிறு இழுத்தது.

பிறகு அக்கா ஜெபித்தார். நல்ல குரல் அவருக்கு. "ஆண்டவரே, இந்த மகளுடைய சரீரத்திலே இருந்த வேண்டாத பாகத்தை நீர் ஏற்ற வேளையில் அகற்றிப்போட்டீரே, உமக்கு ஸ்தோத்திரம்." எல்லாரும் ஆமென் என்றார்கள். நான் கண்ணைத் திறந்திருந்தேன். அத்தையின் உதடு அசையவில்லை. அவர் என் போர்வையின் விளிம்பை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி வந்தார். ஒரு கையில் இளநீர். இன்னொரு கையில் செய்தித்தாளில் சுற்றிய என் செருப்புகள். "கார்லயே போட்டு வச்சிட்டேன் சித்தி" என்று அத்தையிடம் கொடுத்தார். என்னிடம் நலம் விசாரித்துவிட்டுக் கிளம்பியவரை அத்தை கதவு வரை கூட்டிக்கொண்டு போனார். கதவு என் கட்டிலுக்குப் பக்கம்தான்.

"தம்பி, அன்னைக்கு ஒங்கள வச்சிக்கிட்டு டாக்டர்ட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் சித்தி."

"என்னது தெரியும்?"

"எங்க வீட்ல சொன்னா. நாங்க மீன் பொரிச்சாலே பிள்ள மாடியில போய் நின்னுக்கிடுது, விசேசந்தான் போலன்னு. வேற யார்ட்டயும் மூச்சு விடல. நீங்களாச் சொல்லுவீயன்னு இருந்தோம்."

"அப்பம் அங்கன டாக்டர்ட்ட நீங்க சொல்லப்பிடாதா?"

"பெரியவிய நீங்க இல்லன்னு சொல்லுதீய. நான் எப்படி சித்தி குறுக்க விழுந்து இருக்குன்னு சொல்ல? அதும் பொம்பளப் பிள்ள விசயம்."

அத்தை யாருக்குத் தெரியக் கூடாதென்று அந்த 'இல்ல'யைச் சொன்னாரோ அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்த இருவரும் ஒருவருக்கு மரியாதையாக மற்றவர் பேசாமல் என் தலைமாட்டில் நின்றிருக்கிறார்கள்.

அத்தை திரும்பி வந்து செருப்புகளைக் கட்டிலுக்கடியில் வைத்தார்.

மதியம் சங்கத்து அக்கா தனியாக வந்தார். ரசமும் குழைந்த சாதமும் தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்தார். "குடல்வால் எடுத்தவங்களுக்கு இதான் லேசா இறங்கும்" என்றார். அத்தை என்னைப் பார்த்தார். என் அனுமதியைக் கேட்கிறார் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று.

"சொல்லுங்க அத்தை" என்றேன்.

"குடல்வால் இல்ல பிள்ள. எங்க வீட்டுக் கொழந்த. கொழாயில தங்கிட்டு."

அக்கா தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். முகம் மெல்ல மாறியது. முந்தின நாள் ஜெபித்ததை அவர் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"நான் என்னத்தச் சொல்லி ஜெபிச்சேன்" என்று கேட்டார்.

அவர் ஸ்டூலில் உட்காராமல் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலாக என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் குழந்தைக்காக ஒருவர் அழுவதை அப்போதுதான் பார்த்தேன். பிறகு அத்தை அழுதார். எனக்கும் வந்தது. தையல் போட்ட இடம் இழுத்தது, நிறுத்த முடியவில்லை.