கடைசி இடம் லைப்ரரிக்கு

அந்தக் கல்லூரி வளாகத்தில் எல்லோரும் அவரைப் ‘பவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நெட்வொர்க் பொறுப்பாளர் என்பது கதவில் எழுதியிருந்த பட்டம். முகத்தில் எழுதியிருந்தது வேறு. கதவைத் தட்டியவர்களை, “என்ன இப்ப?” என்று வரவேற்பார். வணக்கம் சொன்னவர்களைக்கூட, கேபிளைத் திருட வந்தவர்களைப் போலப் பார்ப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கினார். அதிலேயே அவருடைய அன்பெல்லாம் தீர்ந்துபோய்விட்டது போலிருக்கிறது. ஊழியர் குடியிருப்பில் அவள் வீடும் இவர் வீடும் அடுத்தடுத்து. வேலை முடிந்ததும் அவள் சமையலறையில் நின்றபடியே டீ குடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக் கதவைத் திறப்பார்.

தங்கை செய்த ஒரே குற்றம், இவரைக் கேட்காமல் கல்லூரி லைப்ரரியனைக் கல்யாணம் செய்துகொண்டது. வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்கள். இவருக்கு வேண்டாத மாப்பிள்ளை. அந்த மனிதர் பேசாமல் இருந்தால் திமிர், சிரித்தால் நக்கல். அவர் வீட்டுக்குள் நுழையும் செருப்புச் சத்தம் கேட்டாலே பவருக்கு டீ எட்டிக்காயாய்க் கசக்கும்.

மையக் கட்டடத்துக்குப் புது நெட்வொர்க் சுவிட்ச் வாங்கும் பேச்சு வந்தது. கேமரா, வைஃபை பெட்டி, மேசைத் தொலைபேசி எல்லாவற்றுக்கும் ஒரே கேபிளில் தகவலையும் மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும் வகை. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. கேபிள் செருகும் துளைகள் இருபத்துநாலு இருக்கலாம். ஆனால் அத்தனைக்கும் சேர்த்து அது கொடுக்கிற மின்சாரம் ஓர் அளவுதான். அளவு மீறினால், முன்னுரிமை வரிசையில் நாம் கடைசியாக வைத்திருக்கும் கருவிகளை அதுவே அணைத்துவிடும். ஒவ்வொரு கருவியும் எவ்வளவு இழுக்கிறது என்று பவர் நேரில் அளந்து, கூட்டிப் பார்த்து, “இதுவே தாராளம்” என்று ஒரு மாடலைக் கூட்டத்தில் முன்வைத்தார். அளந்ததெல்லாம் பட்டப்பகலில்.

மாப்பிள்ளை கையில் கிடைத்த எதையும் படிக்கிற ரகம். கேமராவோடு வந்த கையேட்டையும் விட்டுவைக்கவில்லை.

“மச்சான், ஒரு சின்ன சந்தேகம். இருட்டினா கேமராவுக்குள்ள ஒரு விளக்கு எரியுமாமே. அதையும் சேத்துத்தானே கணக்குப் போட்டீங்க?”

சேர்க்கவில்லை. கேட்ட மாத்திரத்திலேயே பவருக்கு உறைத்துவிட்டது. “நல்ல கேள்வி, பாத்துச் சொல்றேன்” என்றிருந்தால் போதும். வேறு யார் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

“புத்தகம் அடுக்குறவங்க புத்தகத்தை அடுக்கட்டும்,” என்றார்.

நாலு பேர் சிரித்தார்கள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று, அதே சுவிட்ச் வந்து இறங்கியது.

முதல் நாள் இருட்டியதுமே கேமரா விளக்குகள் எரிந்தன, சுமை எல்லை தாண்டியது. ஆள் நடமாட்டம் இல்லாத மாடித் தாழ்வாரத்து வைஃபையைக் கடைசி இடத்தில் வைத்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பவர் லைப்ரரி வைஃபையை வைத்தார். தினமும் பொழுது சாய்ந்தால் வாசிப்பு அறையில் இணையம் செத்தது. விடிந்தால் தானாக உயிர்த்தது. பரீட்சைக்குப் படிக்க வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பிடித்து வறுத்தெடுத்தார்கள். அவர் கைகளைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பவர் எதிர் ஜன்னலிலிருந்து பார்த்து ரசித்தார். ரசிக்கத்தான் செய்தார், இதில் மழுப்ப ஒன்றுமில்லை.

புகார் பிரின்சிபால் வரைக்கும் போனது. வாசிப்பு அறையை நடத்தத் தெரியாதவர் என்று மாப்பிள்ளையைத் தூரத்து ஊரிலுள்ள கிளைக் கல்லூரிக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. அன்றைக்குத் தங்கை சுவிட்ச் அறைக்கே வந்துவிட்டாள்.

“அண்ணா, எங்கிட்ட உண்மையைச் சொல்லு. கோளாறு லைப்ரரியிலயா, இங்கயா?”

சுவிட்சின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. அவளிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“இங்கதான்.”

“அப்போ பிரின்சிபால்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. அவரை உனக்குப் பிடிக்கணும்னு நான் கேக்கல. அவரை மாத்திட்டா நானும்தானே போகணும்?”

“சரி, வா.”

இருவரும் சேர்ந்தே போனார்கள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

“வாங்க பவர்! உங்க மாப்பிள்ளையாச்சேன்னுதான் தயங்குறேன். ஆனா அன்னிக்குக் கூட்டத்துல உங்களையே கேள்வி கேட்டவராச்சே! கோளாறு அவர் பக்கம்தானே?” என்றார் பிரின்சிபால்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். ஆடத்தான் செய்தது. ஆனால் அந்தக் கூட்டத்தை நினைவுபடுத்தியதும் பழைய எரிச்சல் பொங்கிவந்தது.

“அவர் பக்கம்தான் சார்,” என்றார் பவர்.

அவர் வெளியே வந்தபோது பெஞ்சில் யாரும் இல்லை. மாறுதல் வந்ததும் சொல்லிக்கொள்ளாமலேயே தங்கையும் மாப்பிள்ளையும் ஊரை விட்டுப் போனார்கள்.

அதன் பிறகு பவர் வரிசையில் லைப்ரரியை மேலே ஏற்றித் தாழ்வாரத்தைக் கடைசிக்குத் தள்ளினார். வேலை அவ்வளவுதான். “பாத்தீங்களா, அந்த ஆள் போனதும் எல்லாம் சரியாயிடுச்சு!” என்று கண்டவர்களெல்லாம் அவரைப் பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டும் செருப்படியாக விழுந்தது. பக்கத்து வீட்டில் வேறு யாரோ குடிவந்து, அந்தச் சமையலறை ஜன்னலுக்குத் திரை போட்டார்கள். பவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பிரின்சிபாலிடம் போய், தப்பான சுவிட்சை வாங்கியதிலிருந்து லைப்ரரியை வேண்டுமென்றே அணைத்ததுவரை கொட்டித் தீர்த்தார். பிரின்சிபால் வாயில் வந்தபடி திட்டி, அவரிடமிருந்த பொறுப்பையும் பிடுங்கிக்கொண்டு, மாறுதலை ரத்து செய்வதாகச் சொன்னார்.

பவர் தங்கைக்குப் போன் செய்தார்.

“எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா. நீங்க திரும்பி வந்துடலாம்.”

“அவர்கிட்ட சொன்னா இப்பவே பெட்டியைக் கட்டிடுவாரு. அவருக்கு உன்மேல கோபமே கிடையாது,” என்றாள்.

“அப்புறம் என்ன?”

“எனக்கு இருக்கே. பெஞ்சுல உக்காந்து கேட்டவ நான்தான். அவர் வேணும்னா வரட்டும். நான் வரமாட்டேன்.”

இணைப்பு அறுந்தது. பவர் திரும்பவும் அடித்தார். வெகுநேரம் மணி அடித்த பிறகு மாப்பிள்ளை எடுத்தார்.

“சொல்லுங்க மச்சான். சாப்பிட்டீங்களா?”

இனி பவர் கூப்பிட்டால் எடுக்கப்போவது இந்த ஒரு ஆள்தான். போனை வைக்க அவருக்கு மனம் வரவில்லை.